ஒழுங்கை ஏன் கடைசி வீட்டோடு முடிகிறது? ஊரின் வீதி வலை வளரும் விதம்

கூகுள் மேப்பில் முதலில் அம்பாறை நகரத்தைத் திறந்து பாருங்கள். பிறகு கிழக்கே தள்ளி, கரையோரமாகவே வடக்கு நோக்கி ஏறிக் காத்தான்குடிக்கு வாருங்கள். அம்பாறையில் வீதிகள் இடம் விட்டு, அளந்து போட்ட மாதிரி இருக்கும். காத்தான்குடியில் பிரதான வீதியை விட்டு உள்ளே இறங்கினால் ஒழுங்கைக்குள் ஒழுங்கை, அதற்குள் இன்னொன்று, கடைசியில் ஆட்டோக்காரர் "இதுக்கு அங்கால போகாது" என்று நிறுத்திவிடுவார். ஒன்று திட்டமிட்ட ஊர், மற்றது திட்டமில்லாத ஊர் என்று சொல்லிக் கதையை முடித்துவிடலாம். ஆனால் யாருமே ஓரிடத்தில் உட்கார்ந்து வரையாத ஒரு படம், தலைமுறை தலைமுறையாக வளர்ந்து, தனக்கென்று ஒரு முறையோடு வந்து நிற்கிறதே, என்னைக் கேட்டால் அதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். வீதிகள் எப்படிப் பிறக்கின்றன, எப்படிப் பெருகுகின்றன, ஏன் சாக மறுக்கின்றன என்பதை நம்ம ஊரை வைத்தே பார்ப்போம்.

முதலில் ஒரு சின்ன அடிப்படை. வீதிகளைப் படிக்கிறவர்கள் அகலம், தார், கிறவல் எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் மறந்துவிடுவார்கள். சந்தி என்றால் ஒரு புள்ளி, இரண்டு சந்திகளுக்கு இடையில் உள்ள வீதித் துண்டு ஒரு கோடு, அவ்வளவுதான். இப்படிப் பார்க்கத் தொடங்கியவர் லியோன்ஹார்ட் ஒய்லர் என்ற கணித மேதை, 1730களில். அன்றைய பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க் நகரம் (இன்று ரஷ்யாவின் கலினின்கிராட்) ஒரு ஆற்றால் நான்கு நிலத்துண்டுகளாகப் பிரிந்து கிடந்தது, நடுவில் ஒரு தீவு, எல்லாவற்றையும் இணைக்க ஏழு பாலங்கள். ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு தடவை மட்டும் கடந்து ஊரைச் சுற்ற முடியுமா என்பது அங்கத்தைய மக்களின் பொழுதுபோக்குக் கேள்வி. ஒய்லர் ஊர்ப்படத்தைத் தூக்கி வைத்துவிட்டு, எந்த நிலத்தில் எத்தனை பாலம் வந்து சேர்கிறது என்று மட்டும் எண்ணினார். ஒன்றில் ஐந்து, மற்ற மூன்றிலும் மும்மூன்று. ஒரு நிலத்துக்குள் ஒரு பாலத்தால் வந்தால் இன்னொன்றால் வெளியே போகவேண்டும், ஆகவே புறப்படும் இடத்தையும் முடியும் இடத்தையும் தவிர எல்லாவற்றிலும் பாலங்கள் சோடி சோடியாக இருக்கவேண்டும். நான்கிலுமே ஒற்றைப்படை, எனவே முடியாது. பட்டினத்தின் நடுத் தீவான புளியந்தீவில் நின்றுகொண்டு பெரிய பாலம், புதுப்பாலம் என்று எண்ணுகிற மட்டக்களப்பாருக்கு இந்தக் கணக்கைப் புரியவைக்கப் பெரிய பாடு தேவையில்லை. தீவை வாவியின் மற்றக் கரையோடு கட்டி வைத்திருக்கிற ஊரில்தானே இருக்கிறோம்.

இந்தப் புள்ளி–கோட்டுக் கண்ணால் பார்த்தால் ஒவ்வொரு சந்திக்கும் ஒரு எண் கொடுக்கலாம்: அங்கிருந்து எத்தனை திசைக்குப் போகலாம்? நாற்சந்தி என்றால் 4. ஒரு வீதி இன்னொன்றின் விலாவில் வந்து முட்டினால் 3. கடைசி வீட்டோடு முடிகிற ஒழுங்கைக்கு 1. வரைந்து வைத்துக் கட்டிய நகரங்களில் 4 நிறைய வரும், 1811ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி கட்டங் கட்டமாக விரிந்த நியூயோர்க்கின் மன்ஹாட்டன் அதற்கு நல்ல உதாரணம். தானாக வளர்ந்த ஊர்களில் 3உம் 1உம்தான் மலிந்து கிடக்கும். ஏன் அப்படி?

ஏனென்றால், தானாக வளரும் ஊரில் புதிய வீதி எப்போதும் பழைய வீதியின் ஏதோ ஓர் இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. நம்ம பக்கத்தில் அதற்கு ஒரு சிறப்பான காரணம் இருக்கிறது, வெளியூர்க்காரர்கள் எழுதும் நகரத் திட்டமிடல் புத்தகங்களில் அது கிடைக்காது. சீதனம். கிழக்குக் கரையில் தமிழராக இருந்தாலும் முஸ்லிம்களாக இருந்தாலும் வீடும் வளவும் மகளுக்குத்தான் போகிறது, கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்கிறார். பிரதான வீதியைப் பார்த்தபடி அரை ஏக்கர் வளவு, மூன்று பெண் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவளுக்கு முன்வீடு. தாய்தகப்பன் பின்னால் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு நகர்கிறார்கள். மறுகா அந்த வீடு இரண்டாமவளுக்கு, அவர்கள் இன்னும் பின்னால். கடைசியில் இளையவளின் வீடு வளவின் அடியில் போய் நிற்கும்போது, அவளும் பிரதான வீதிக்கு வரவேண்டுமே, வேலியோரமாக ஒரு கீற்று நிலத்தை விட்டுக்கொடுக்கிறார்கள். ஆரம்பத்தில் அது சைக்கிள் போகிற நடைபாதை, கிடுகு வேலிக்கு நடுவில் மணல். பிறகு மின்கம்பம் வருகிறது, கம்பம் வந்துவிட்டால் அது இனி ஒழுங்கை என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டமாதிரி. பிறகு கிறவல், அதன்பின் தேர்தலுக்குக் கிட்டடியில் கொங்கிறீட், கடைசியாக "குறுக்கு வீதி" என்று எழுதிய ஒரு பலகை.

அந்த ஒழுங்கை இளையவளின் கடப்போடு முடிகிறது, ஏனென்றால் அதற்கு அப்பால் வேறொரு குடும்பத்தின் வளவு. அவர்களும் அடுத்த வீதியிலிருந்து இதே முறையில் பிரித்துக்கொண்டு வந்திருப்பார்கள். இரண்டு முட்டு ஒழுங்கைகள், நடுவில் ஒரே ஒரு மதில். வரைபடத்தில் பார்க்கிறவர் "இதை உடைத்து விட்டால் அரை மைல் சுற்று மிச்சமே" என்பார். ஆனால் இரண்டு குடும்பமும் சம்மதிக்கவேண்டும், ஊர் மோட்டார் சைக்கிள் எல்லாம் தன் வாசலால் போவதை யாரும் விரும்பி வரவேற்பதில்லை, நானும் மாட்டேன். ஆகவே மதில் நிற்கும். இப்படி ஆயிரம் சிறு முடிவுகள் சேர்ந்த கூட்டுத்தொகைதான் காத்தான்குடியின், சாய்ந்தமருதின், மருதமுனையின் வீதிப்படம். அங்கே நிலம் மேலும் நெருக்கம், கிழக்கே கடல், மேற்கே வாவி அல்லது வயல், அகலிக்க இடமில்லை. நீளமான பிரதான வீதி நடுமுள்ளாக ஓட, இரண்டு பக்கமும் சிறு முட்கள் கடலுக்கும் மேற்குக்குமாகப் பிரிகிற மீன் எலும்பு வடிவம் அதனால்தான் வந்தது.

இதை இரண்டு வகையான வளர்ச்சி என்று பிரித்துச் சொல்வார்கள். ஒன்று, வீதி இல்லாத புதிய நிலத்துக்குள் நீண்டு போவது. இன்னொன்று, ஏற்கனவே உள்ள வீதிகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளியைச் சின்ன வீதிகளால் நிரப்புவது. இத்தாலியின் மிலான் நகருக்கு வடக்கே குரோவானே என்ற பகுதியின் பழைய வரைபடங்களை, 1833 முதல் 2007 வரை, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2012இல் வெளியானது. கிட்டத்தட்ட இருநூறு வருட வளர்ச்சியை இந்த இரண்டு செயல்களாலேயே விளக்கிவிடலாம் என்பது அவர்கள் கண்டது. முதலில் நீட்டல் அதிகம், நிலம் நிரம்ப நிரம்ப நிரப்பல் அதிகம். இன்னொன்றும் கண்டார்கள், அதுதான் எனக்குப் பிடித்தது: இன்று அந்தப் பகுதியின் போக்குவரத்துக்கு மிக முக்கியமாக இருக்கிற வீதிகளில் பெரும்பாலானவை 1833இலேயே இருந்தவை. புதிதாகப் போட்ட வீதிகள் ஏராளம், ஆனால் முதுகெலும்பு மாறவில்லை.

வீதிக்கு ஏன் இவ்வளவு ஆயுள்? வீடு இடியும், கடை கை மாறும், தார் நாலு மாரிக்குள் கிளம்பிவிடும். ஆனால் வீதியின் கோடு என்பது உண்மையில் நூற்றுக்கணக்கான காணிகளின் எல்லை. அதை ஒரு முழம் நகர்த்த வேண்டுமென்றாலும் அத்தனை உறுதிகளையும் திருத்தவேண்டும். 1666இல் லண்டன் பெருந்தீயில் எரிந்தபோது கட்டிடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் சில நாட்களுக்குள்ளேயே அகன்ற நேர் வீதிகளோடு ஒரு புதிய நகரத் திட்டத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். நகரம் சாம்பலாகக் கிடந்தும் அது நிறைவேறவில்லை. காணிக்காரர்கள் தங்கள் தங்கள் எல்லையில் திரும்பக் கட்டத் தொடங்கிவிட்டார்கள், சில வீதிகளை அகலமாக்கியதோடு பழைய கோடுகளே பெரும்பாலும் மீண்டன.

நமக்கு லண்டன் வரை போகத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 அன்று நாவலடி, கல்லடி, மருதமுனை, கல்முனைக்குடி என்று கரையை அலை வழித்துக்கொண்டு போனது. வீடு இல்லை, வேலி இல்லை. ஆனால் கிணறும் அத்திவாரமும் மிஞ்சிய இடத்தில் எல்லை மிஞ்சியது, எல்லை மிஞ்சிய இடத்தில் பழைய ஒழுங்கையும் திரும்ப வந்தது. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அரசு அறிவித்துப் பிறகு தளர்த்தியதும் ஞாபகம் இருக்கும். திரும்பிப் போக முடியாதவர்களுக்கு உள்ளே புதுக் குடியிருப்புகள் எழுந்தன, மட்டக்களப்புக்கு வடக்கே திராய்மடு அதில் ஒன்று. அங்கே போய்ப் பார்த்தால் வீதிகள் நேராக, காணிகள் ஒரே அளவாக இருக்கும். ஒரே நிகழ்வு, ஓரிடத்தில் பழைய கோடுகளை மீட்டது, இன்னோரிடத்தில் ரூலர் வைத்து வரைந்த புதுக் கோடுகளைப் போட்டது. காரணம் ஒன்றுதான்: கரையில் ஒவ்வொரு துண்டுக்கும் முன்பே ஆள் இருந்தது.

மேலிருந்து வரைவதற்கு நமக்குக் கிடைத்த பெரிய உதாரணம் கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம். 1949இல் தொடங்கிய அந்த வேலைக்காக வளர்ந்த நகரம்தான் அம்பாறை, 1961இல் அது மட்டக்களப்பிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகவும் ஆனது. குடியேற்றங்களில் முதலில் போனது வாய்க்கால், வாய்க்காலை ஒட்டி வீதி, வீதியை ஒட்டி அளந்த காணி. போரதீவுப்பற்றுப் பக்கம் 37ஆம் கொலனி, 40ஆம் கொலனி என்று எண்ணாலேயே ஊரை அழைக்கிறோமே, அந்த எண்கள் வரைபட மேசையிலிருந்து இறங்கி வந்தவை. (அந்தக் குடியேற்றங்களின் அரசியல் பெரிய கதை, அதை இங்கே தொடவில்லை.) ஏற்கனவே நிரம்பிய நகரத்தை மேலிருந்து வெட்டியவர் என்றால் பாரிஸின் நிர்வாகியாக இருந்த ஒஸ்மான். 1853 முதல் 1870 வரை நெருக்கமான பழைய குடியிருப்புகளை இடித்து அகன்ற வீதிகளைப் போட்டார், அதற்கு ஒரு பேரரசரின் பின்பலமும் கொட்டிக் கொடுக்கப் பணமும் வேண்டியிருந்தது. நம்ம ஊரில் ஒரு கோயில் மதிலையோ பள்ளிவாசல் மதிலையோ ரெண்டு அடி பின்னுக்குத் தள்ளக் கூடும் கூட்டங்களை நினைத்துப் பார்த்தால் அந்தப் பலம் எவ்வளவு என்று விளங்கும்.

இனிப் பாலத்துக்கு வருவோம். மட்டக்களப்பைப் பொறுத்தவரை மற்ற எல்லாவற்றையும் விடப் பாலம்தான் வலையை மாற்றியது.

போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள், பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். சுற்றிலும் தண்ணீர் இருப்பதால்தான் அந்த இடம், காவலுக்கு நல்லது. ஆனால் நிர்வாகம், சந்தை, பள்ளிக்கூடம் எல்லாம் அங்கேயே குவிந்த பிறகு, எந்த ஊரிலிருந்து எது வேண்டுமென்றாலும் தண்ணீரைக் கடக்கவேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. வாவி ஐம்பது கிலோமீற்றருக்கும் மேல் நீளம். அதன் கிழக்கே கடலோர எழுவான்கரை, மேற்கே வயலும் ஊருமாக விரியும் படுவான்கரை. முன்பு ஓடமும் படகுப் பாதையும்தான். 1924இல் கல்லடிப் பாலம் திறந்தது, அன்றைய ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரில் லேடி மானிங் பாலம். அதன்பிறகு காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று தெற்கிலிருந்து பட்டினத்துக்கு வரும் பெரும்பாலானவர்கள் அந்த ஒரே ஒடுங்கிய இரும்புப் பாலத்தால்தான் வந்தார்கள், எதிர்ப்பக்கத்து வாகனம் தாண்டும்வரை காத்திருந்து.

வீதி ஆய்வாளர்களிடம் இதற்கு ஒரு அளவுகோல் உண்டு. ஊரில் உள்ள எல்லா இடத்திலிருந்தும் எல்லா இடத்துக்கும் மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடியுங்கள், ஒரு வீதித் துண்டு அவற்றில் எத்தனை வழிகளில் வருகிறது என்று எண்ணுங்கள். எண்ணிக்கை கூடினால் அந்தத் துண்டு அவ்வளவு முக்கியம், அது அடைபட்டால் அவ்வளவு ஆபத்து. கல்லடிப் பாலத்துக்கு இந்த எண்ணிக்கை எந்தளவு வரும் என்று கணினி இல்லாமலே சொல்லலாம். 2013இல் பக்கத்திலேயே புதிய அகன்ற பாலம் வந்தது, காத்திருப்பு போனது, பழையது இன்னும் அருகிலேயே நிற்கிறது. ஆனால் கவனியுங்கள், புள்ளி–கோட்டுப் படத்தில் எதுவும் மாறவில்லை! அதே இரண்டு இடங்களை அதே இடத்தில் இணைக்கிற இன்னொரு கோடு. கொள்ளளவுதான் கூடியது.

வலையையே மாற்றியது அடுத்த வருடம், 2014இல் திறந்த மண்முனைப் பாலம். அதுவரை அந்த இடத்தில் படகுப் பாதைதான், கொக்கட்டிச்சோலைத் தேருக்கு எழுவான்கரைச் சனம் எப்படி நெருக்கியடித்துக்கொண்டு போனது என்று கேட்டால் வயதானவர்கள் சொல்வார்கள். பாலம் வந்ததும் என்ன நடந்தது? கொக்கட்டிச்சோலையிலிருந்து வவுணதீவு, வலையிறவுப் பாலம் வழியாகப் பட்டினம், அங்கிருந்து கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, திரும்ப மண்முனை. ஒரு முழுச் சுற்று. கிளை கிளையாகப் பிரிந்து போகிற வலையில் ஒரு துண்டு அறுந்தால் அதற்கு அப்பால் உள்ள எல்லாமே துண்டிக்கப்படும். சுற்று இருந்தால் மற்றப் பக்கத்தால் போகலாம். ஒரு வலை முதிர்ந்துவிட்டதா என்று பார்க்க எத்தனை சுற்றுகள் இருக்கின்றன என்று எண்ணுவது இதனால்தான். வடக்கேயும் இதே கதை: திருகோணமலை வீதியில் வெருகல், கிண்ணியா என்று படகுப் பாதைகள் இருந்த இடங்களில் போருக்குப் பின் பாலங்கள் வந்தன, ரயிலும் பஸ்ஸும் ஒரே பாலத்தைப் பங்குபோட்ட ஓட்டமாவடியில் வாகனங்களுக்குத் தனிப்பாலம் கிடைத்தது.

வரைபடத்தில் கோடு இருப்பதாலேயே வீதி இருக்கிறது என்று நினைத்துவிடவும் கூடாது. போர்க்காலத்தில் சோதனைச் சாவடி ஒரு வீதியை வரைபடத்தில் விட்டுவைத்து வாழ்க்கையிலிருந்து எடுத்துவிடும், படுவான்கரைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மாரியிலும் அப்படித்தான். வெள்ளம் ஏறினால் கிரான்–புலிபாய்ந்தகல் வீதி தண்ணீருக்குள் போய்விடும், அந்தக் கிழமைகளில் அங்கே வலையின் கோடு தோணிதான். அதற்காக வீதியை உயர்த்திப் போட்டால் சரி என்று தோன்றும், ஆனால் போதிய மதகு வைக்காமல் உயர்த்திய வீதி ஒரு அணைக்கட்டு, ஒரு பக்கம் காய மறுபக்கம் வயலும் வீடும் மூழ்கும். வீதி வலையும் வாய்க்கால் வலையும் ஒன்றையொன்று வெட்டுகிற ஊரில் ஒன்றை மட்டும் வரையவே முடியாது.

வீதி கூட்டினால் நெரிசல் குறையுமா என்பது அடுத்த கேள்வி. எப்போதும் குறையும் என்றில்லை. 1968இல் டீட்ரிச் பிரேஸ் என்ற ஜெர்மன் கணிதவியலாளர், சில வலைகளில் ஒரு புதிய வீதியைச் சேர்த்தால் எல்லாருடைய பயண நேரமும் கூடும் என்று நிறுவிக் காட்டினார், ஒவ்வொருவரும் தனக்கு லாபம் என்று அதே துண்டுக்குள் நுழைவதால். காப்பெட் போட்டதும் இரண்டு பக்கமும் கடை முளைத்து, கடைக்கு வந்த வாகனங்கள் ஓரத்தில் நின்று, பழைய வேகத்துக்கே திரும்பிவிட்ட வீதி உங்கள் ஊரிலும் ஒன்று இருக்கும்.

யார் பொறுப்பு என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், குழி விழுந்தால் யாரைத் திட்டுவது என்று தெரியவேண்டுமே. ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம், சி, டி வகை மாகாண வீதித் திணைக்களத்திடம், மிச்சம் உள்ள உள்வீதியும் ஒழுங்கையும் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபையிடம். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் சுற்றி மட்டக்களப்பு வரும் ஏ4 ஓரிடத்திலும், அதிலிருந்து பிரிகிற உங்கள் ஒழுங்கை வேறோரிடத்திலும் தீர்மானிக்கப்படுகின்றன. வலை ஒன்று, அதை வரைகிற கைகள் பல.

சரி, உங்கள் ஊரில் இதைப் பார்க்க வேண்டுமா? கணினியில் கூகுள் ஏர்த்தைத் திறந்தால் பழைய வருடங்களின் செய்மதிப் படங்களுக்குப் பின்னோக்கிப் போகும் வசதி உண்டு. ஊரின் நடுவைப் பார்க்காதீர்கள், வயல் முடிந்து வீடு தொடங்குகிற ஓரத்தைப் பாருங்கள். முதலில் வரம்பு, பிறகு வரம்பின்மேல் ஒரு தடம், பிறகு தடத்தோரம் ஒரு கூரை, அடுத்த படத்தில் நான்கு கூரை. வயலை நிரப்பிக் காணி துண்டாடிய இடங்களில் ஒழுங்கைகள் ஏன் இப்படி ஒரு கோணத்தில் சாய்ந்து போகின்றன என்று தலையைப் பிய்க்கிறவர்கள், பழைய படத்தில் வரம்பு போன திசையைப் பார்த்தால் போதும்.

காணி பிரிக்கப் போகிறவர்களுக்கும் மதில் கட்டப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழ் எடுத்து, உங்கள் முன்வீதி பின்னாளில் எதுவரை அகலக்கூடும் என்று பார்த்துவிட்டு அத்திவாரம் வெட்டுங்கள். பிள்ளைகளுக்குப் பிரிக்கிறபோது ஒழுங்கைக்கு விடும் அகலத்தை இன்றைய மோட்டார் சைக்கிளை வைத்து அளக்காமல், ஆம்புலன்ஸும் தண்ணீர் பவுசரும் உள்ளே வந்து திரும்பும் கணக்கில் விடுங்கள். அந்த அகலம் எத்தனை அடி, ஒழுங்கை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, பின்வளவுக்காரருக்கு அதில் நடக்க உரிமை உண்டா இல்லையா என்பதையும் உறுதியிலும் நில அளவையாளரின் படத்திலும் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.